புரோட்டீன் பவுடரும் வீட்டு நிம்மதியும்: மதுரைப் பக்கத்து விளையாட்டு வீரர்களும் குடும்பத்தாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் இப்போது ஏரியாவுக்கு ஏரியா ஜிம் இருக்கிறது. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் விடிவதற்கு முன்பே ஓட்டம் தொடங்கிவிடுகிறது. மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி பக்கம் போனால் கபடி டீம் இல்லாத ஊரைத் தேடித்தான் பார்க்க வேண்டும். காவலர் தேர்வுக்கும் ராணுவத்துக்கும் தயாராகிறவர்கள் தனிக்கூட்டம். இவர்களில் நிறையப் பேர் வீட்டில் ஒரு புரோட்டீன் டப்பா இருக்கிறது. அதைப் பற்றி விளையாடுகிறவர் கேட்பது ஒரு விதம். அவருடைய அம்மாவும் மனைவியும் அண்ணனும் கேட்பது வேறு விதம். இரண்டையும் இங்கே சேர்த்தே எழுதியிருக்கிறேன். பவுடரால் உடம்பு கெட்டது என்று வந்தவர்களைவிட, பவுடரைச் சுற்றி எழுந்த சண்டையாலும் ஒளிவுமறைவாலும் கடனாலும் நிம்மதி கெட்ட வீடுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

இந்தப் பவுடர் மருந்தா, சாப்பாடா?

சாப்பாடுதான். வீட்டில் பாலைத் திரித்துப் பன்னீர் எடுக்கும்போது இளம்பச்சையாகத் தண்ணீர் வடியுமே, அதில் இருக்கும் புரதம்தான் ‘வே’. பாலில் உள்ள புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசின், மீதி ஒரு பங்கு வே. சீஸ் ஆலைகளில் வடியும் நீரை வடிகட்டிக் காயவைத்து, சாக்லேட் வாசனை சேர்த்து டப்பாவில் அடைக்கிறார்கள். ஒரு ஸ்கூப் 30 கிராம் என்றால் அதில் 22 முதல் 25 கிராம் வரை புரதம் இருக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வயிறு உப்பும், பேதியாகும். அவர்களுக்கு லாக்டோஸ் குறைந்த ஐசொலேட் வகை கொஞ்சம் தேவலை.

ஆனால் ஒன்று. அதே கடையில், அதே அலமாரியில், அதே மாதிரி டப்பாவில் ப்ரீ-ஒர்க்அவுட், மாஸ் கெய்னர், ஃபேட் பர்னர் எல்லாம் அடுக்கியிருப்பார்கள். வீட்டில் எல்லாவற்றுக்கும் ‘பவுடர்’ என்று ஒரே பெயர். மாஸ் கெய்னரில் பெரும்பங்கு மாவுச்சத்துதான். பயிற்சிக்கு முன் குடிக்கிற ப்ரீ-ஒர்க்அவுட்டில் காபியில் இருக்கும் அதே கஃபீன். பிள்ளையிடம் பேச உட்காருவதற்கு முன் டப்பாவைத் திருப்பிப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிடுங்கள். எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாமல் பேசினால், "உனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்ற ஒரே வார்த்தையில் பேச்சு முடிந்துவிடும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு புரதம் வேண்டும்?

சாதாரணமாக நடமாடும் பெரியவர்களுக்கு, எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சொல்கிறது. 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். கடும் பயிற்சி செய்கிற வீரர்களுக்கு 1.2 முதல் 2 கிராம் வரை தேவைப்படலாம் என்பது விளையாட்டு உணவியலில் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. 70 கிலோ கபடி வீரர் என்றால் 84 முதல் 140 கிராம். நடுவில் 110 கிராம் என்று வைத்துக்கொண்டால் தாராளம். அதற்கு மேல் அள்ளிப் போட்டால் தசை கூடுதலாக வளராது. உடம்பு அதை எரித்துவிடும், அல்லது கொழுப்பாகச் சேர்த்துவைக்கும்.

பயிற்சி முடிந்த அரை மணிக்குள் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்று ஜிம்மில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். நாள் முழுக்க மொத்தம் எவ்வளவு சாப்பிட்டோம், அதை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துச் சாப்பிட்டோமா என்பதுதான் கணக்கு.

வீட்டுச் சாப்பாட்டிலேயே அவ்வளவும் கிடைக்குமா?

கிடைக்கும். கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், அவ்வளவுதான்.

காலையில் நாலு அவித்த முட்டை, நாலு இட்லி, சாம்பார். முட்டையில் 24 கிராம், இட்லியும் சாம்பாரும் சேர்ந்து ஒரு 12. மதியம் சோறு, கெட்டியாக ஒரு கரண்டி பருப்பு, 150 கிராம் கோழிக்கறி: மூன்றும் சேர்ந்து 50 பக்கம் வந்துவிடும். சாயங்காலம் மைதானத்திலிருந்து வந்ததும் இரண்டு பிடி வறுத்த நிலக்கடலை, ஒரு பெரிய டம்ளர் பால், அது 18. ராத்திரி மூன்று சப்பாத்தி, கொண்டைக்கடலைக் குழம்பு. அது ஒரு 18. கூட்டிப் பாருங்கள், 120 கிராமைத் தாண்டிவிட்டது. ஒரு ஸ்கூப்கூடப் போடவில்லை.

கறி சாப்பிடாத வீட்டிலும் வழி இருக்கிறது. சோயா உருண்டை உலர்ந்த நிலையில் 50 கிராம் எடுத்தால் 25 கிராம் புரதம். பன்னீர், தயிர், கொள்ளு, பாசிப்பயறு, தட்டைப்பயறு, உளுந்தங்களி எல்லாம் கைகொடுக்கும். புரட்டாசி மாதம் வந்தால் சில பையன்கள் பதறுகிறார்கள். ஒரு மாதம் கறி இல்லாமல் பயறும் பாலும் சோயாவுமாகச் சாப்பிட்டால் தசை கரைந்துவிடாது. அம்மாவோடு அதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை.

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும், தசை வளர்க்கப் புரத பவுடர்களைத் தவிர்த்து உணவிலிருந்தே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. என் கருத்து அவ்வளவு கறார் இல்லை. காலை ஐந்து மணிக்குப் பயிற்சி, எட்டு மணிக்கு வேலை, மதியம் கிடைத்த கடையில் பரோட்டா என்று ஓடுகிறவருக்கு ஒரு ஸ்கூப் வசதிதான். வசதி என்ற அளவில் வைத்துக்கொண்டால் சரி.

பவுடர் சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்கிறார்களே?

சிறுநீரகம் நல்லபடியாக இருக்கும் ஆளுக்கு, மேலே சொன்ன அளவுக்குள் சாப்பிட்டால் அதனால் கெடுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஏற்கெனவே சிறுநீரக நோய் இருப்பவர்கள் சாப்பிடக் கூடாது. சர்க்கரையோ ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கல்லோ இருப்பவர்கள், குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்கள் தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பல பேருக்குத் தங்களுக்கு ரத்த அழுத்தம் இருப்பதே தெரியாது.

கிரியேட்டின் என்று தசைக்குச் சக்தி தர விற்கிற இன்னொரு பவுடர் உண்டு. அதைச் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கிரியேட்டின் சாப்பிட்டால் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அளக்கும் கழிவு) கொஞ்சம் கூடக் காட்டும். சிறுநீரகம் கெடாமலேயே ரிப்போர்ட் பயமுறுத்தும். சொல்லாமல் விட்டால் வீடே ஒரு வாரம் தூங்காது.

பவுடர் சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து என் மகன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். அதனால்தானா?

அம்மாக்கள் அதிகம் கேட்பது இதைத்தான். வே புரோட்டீனால் கோபம் வராது. ஆனால் அதே நேரத்தில் வேறு சில விஷயங்களும் தொடங்கியிருக்கும். அவற்றைப் பாருங்கள்.

முதலில் தூக்கம். ப்ரீ-ஒர்க்அவுட் ஒரு ஸ்கூப்பில் 200 முதல் 300 மில்லிகிராம் கஃபீன் இருப்பது சாதாரணம். பெரியவர்கள் ஒரு நாள் முழுக்க 400 மில்லிகிராமுக்குள் நிறுத்திக்கொள்ள வேண்டும். வேலை முடிந்து இரவு ஏழு மணிக்கு ஜிம்முக்குப் போகும்போது அதைக் குடித்தால், நள்ளிரவிலும் அதில் பாதி ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். படுத்தால் தூக்கம் வராது, நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். காலையில் எழும்பும்போதே முகம் கடுகடுவென்று இருக்கும். அம்மா காபி கொண்டுவந்து "ஏம்ப்பா ஒரு மாதிரி இருக்கே" என்றால் போச்சு.

அடுத்தது பட்டினி. போட்டிக்காக உடம்பை ‘கட்டிங்’ செய்கிறவர்களும் (கொழுப்பைக் குறைத்துத் தசை தெரியவைப்பது), எடைப் பிரிவில் கபடி ஆட எடை குறைக்கிறவர்களும் உடம்புக்கு வேண்டியதைவிட ரொம்பக் குறைவாகச் சாப்பிடுவார்கள். சிலர் தண்ணீரையும் நிறுத்திவிடுவார்கள். இது உயிருக்கே ஆபத்து. பயிற்சிக்குச் செலவாகும் சக்திக்குச் சாப்பாடு ஈடுகட்டாத நிலை மாதக்கணக்கில் நீண்டால் ஆண்களுக்கும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் இறங்கும், மனம் சோர்ந்துபோகும், தாம்பத்திய ஆசை குறையும், அடிக்கடி காயம்படும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014 இல் இந்தப் பிரச்சினைக்குத் தனிப் பெயரே வைத்து, பெண்களுக்கு மட்டும் வருவதில்லை, ஆண்களுக்கும் வரும் என்று எச்சரித்தது. நம் ஊரில் "பையன் டயட்டில் இருக்கான், அதான் கோபம்" என்று சிரித்துவிட்டுப் போய்விடுகிறோம். இரண்டு மூன்று மாதமாக அப்படியே இருந்தால் சிரிக்கிற விஷயம் இல்லை.

கடைசியாக ஊசி, அதாவது தசை ஏற்றப் போடுகிற ஸ்டீராய்டு ஊசி. இதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

முடி கொட்டும், ஆண்மை குறையும் என்று பெண் வீட்டார் யோசிக்கிறார்கள். உண்மையா?

வே, முட்டை, சோயா இவற்றால் ஆண்மை குறையாது. சோயா சாப்பிட்டால் பெண்தன்மை வரும் என்பது வெறும் பேச்சு. வழுக்கை பெரும்பாலும் பரம்பரை. ஜிம் போகிற மாப்பிள்ளை என்பதற்காகச் சம்பந்தத்தைத் தட்டிவிடுகிறவர்கள், பவுடரையும் ஸ்டீராய்டு ஊசியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். குழந்தைப் பேற்றைக் கெடுக்கக்கூடியது இரண்டாவதுதான்.

எவ்வளவு உடம்பு ஏறினாலும் தம்பி "இன்னும் ஒல்லியாத்தான் இருக்கேன்" என்கிறான். கண்ணாடி முன்னாலேயே நிற்கிறான்.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நல்ல உடம்பு வேண்டும் என்ற ஆசையில் தவறே இல்லை. ஆனால் சில பேருக்கு அந்த ஆசை திசை மாறிவிடும். எல்லோரும் "என்னடா மாப்ள, செம சைஸ்" என்று சொல்லும்போதும், கண்ணாடியில் அவருக்குத் தெரிவது பழைய ஒல்லி உருவம். அமெரிக்க மனநல மருத்துவர் ஹாரிசன் போப்பும் அவரோடு வேலை செய்தவர்களும் 1993 இல் 108 பாடி பில்டர்களிடம் நடத்திய ஆய்வில் இப்படிப்பட்டவர்களைக் கண்டு எழுதினார்கள். 2013 முதல் மனநல மருத்துவ வகைப்பாட்டில் இது உடல்தோற்றக் கவலை நோயின் ஒரு வகையாக இடம்பெற்றிருக்கிறது. அதாவது இது வீண் கர்வமோ, சினிமா பைத்தியமோ இல்லை. நோய். சிகிச்சை உண்டு.

வீட்டில் எப்படித் தெரியும்? அக்னி நட்சத்திர வெயிலில் இரண்டு டி-ஷர்ட் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு போவான். கை பெரிதாகத் தெரிய வேண்டும், உள்ளே ஒல்லியாக இருப்பது தெரியக் கூடாது. குலசாமி கோயில் கெடா வெட்டுக்கு வரமாட்டான். வந்தாலும் உப்பில்லாமல் வேகவைத்த கோழியை டப்பாவில் கொண்டுவந்து ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுவான். அக்கா பிள்ளையின் காதுகுத்து அன்று தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைக்கக் கூப்பிட்டால், ஜிம் முடித்துவிட்டு வருகிறேன் என்பான். ஒரு நாள் பயிற்சி தவறினால் குற்றவுணர்ச்சியில் துடிப்பான். காயம் பட்ட தோளோடும் எடை தூக்குவான். இதில் ஒன்றிரண்டு இருந்தால் பயப்பட வேண்டாம். வேலை, படிப்பு, உறவு எல்லாம் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தால் கவனியுங்கள்.

"நல்லாத்தானே இருக்கே" என்று திரும்பத் திரும்பச் சொல்வதில் பயன் இல்லை. அவருக்கு அது பொய்யாகத்தான் கேட்கும். "குண்டாயிட்டே", "இளைச்சுட்டே" என்று வருகிற சொந்தக்காரர்கள் எல்லாம் சொல்வதையாவது நிறுத்தச் சொல்லுங்கள். உடம்பைப் பற்றிப் பேசாமல் மனதைப் பற்றிக் கேளுங்கள்: "ஜிம்முக்குப் போகாத அன்னைக்கு உனக்குள்ள என்னப்பா பண்ணுது?" இந்த ஒரு கேள்விக்குக் கண் கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு மனநல மருத்துவரிடம் போக அவரே சம்மதிப்பார்.

வீட்டுக்காரர் மாதம் ஐயாயிரம் பவுடருக்கே செலவழிக்கிறார். கேட்டால் சண்டை.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ டப்பா 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 33 ஸ்கூப். நாளைக்கு இரண்டு என்றால் 16 நாளில் காலி. ஒரு ஸ்கூப் 75 ரூபாய். கிடைப்பது 24 கிராம் புரதம். அதே 24 கிராம் நாலு முட்டையில் கிடைக்கிறது. முட்டை 7 ரூபாய் என்றால் 28 ரூபாய். நாளைக்கு இரண்டு ஸ்கூப்பில் ஒன்றை முட்டைக்கு மாற்றினாலே மாதம் ஆயிரத்து நானூறு மிச்சம்.

ஆனால் இந்தக் கணக்கை வாடகை கொடுக்கிற தேதியில், சத்தமாக, அவருடைய அம்மா முன்னால் சொன்னால் எடுபடாது. "வெட்டிச் செலவு" என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். அவருக்கு அந்த ஆட்டம் வெட்டி இல்லை. வேலையிடத்தில் கிடைக்காத மரியாதை மைதானத்தில் கிடைக்கிறது. அதை எடுத்துவிடுவீர்களோ என்று பயந்துதான் பாய்கிறார். "உங்க ஆட்டத்துக்கு வேண்டியதை எடுத்துக்கங்க, ஆனா மாசம் இவ்வளவுதான்னு ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ணுவோம்" என்று தொடங்கினால் பேச்சு நகரும். பிள்ளைகளின் ஸ்கூல் ஃபீஸ், சீட்டுப் பணம், மளிகை எழுதுகிற நோட்டிலேயே பவுடருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

கணவர்மாருக்கும் ஒரு வார்த்தை. மனைவியின் நகையை அடகு வைத்து டப்பா வாங்கியவர்கள் இருக்கிறார்கள். அந்த அளவுக்குப் போன பிறகு அது விளையாட்டுச் செலவு இல்லை அண்ணே. யாரிடமாவது உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் அது.

அவனுக்குத் தனியாக, எங்களுக்குத் தனியாக என்று சமைத்தே என் இடுப்பு ஒடிகிறது.

காலையில் முட்டை அவித்து, எண்ணெய் இல்லாமல் கோழி வேகவைத்து, மற்றவர்களுக்குக் குழம்பு வைத்து, கடைசியில் பையில் மூடிவைத்த ஷேக்கரை எடுத்தால் நாற்றம் குடலைப் பிடுங்கும். அதையும் கழுவுவது அம்மாதான். வீரருக்குச் சொல்கிறேன் தம்பி: ஷேக்கரைக் குடித்த கையோடு நீங்களே கழுவுங்கள். முட்டையை நீங்களே அவியுங்கள். பத்து நிமிட வேலை.

தனிச் சமையலும் தேவையில்லை. வீட்டுக் கோழிக் குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றுவதற்கு முன் அவருக்கு வேண்டிய துண்டுகளை எடுத்து வைத்துவிட்டால் போதும்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. மகன் தட்டில் 120 கிராம் புரதம் வைக்கிற அம்மா, எல்லோரும் சாப்பிட்ட பிறகு ரசமும் அப்பளமுமாகச் சாப்பிட்டு எழுந்துவிடுகிறார். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கும் நாளைக்கு 45 கிராம் வேண்டும். வீட்டில் ஒரு ஆளாவது புரதக் கணக்குத் தெரிந்தவராக இருக்கிறார் என்றால், அம்மா தட்டில் என்ன விழுகிறது என்று பார்க்க வேண்டியவர் அவர்தான்.

மகன் டப்பாவை ஒளித்து வைக்கிறான். அப்பாவாக நான் என்ன செய்ய?

முதல் முறை டப்பாவைப் பார்த்தபோது என்ன சொன்னீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். "விஷத்தைக் குடிக்கிறியா", "தூக்கிக் குப்பையில போடு" என்று சொல்லியிருந்தால், அடுத்த டப்பா நண்பன் ரூமுக்குப் போயிருக்கும். அங்கே லேபிளைப் படிக்க யாரும் இல்லை. பிறகு பில் இல்லாத சரக்கு, யாரோ கவரில் கட்டிக் கொடுத்த சரக்கு என்று இறங்கும். ஊசி போடும் இடமும் அந்த ரூம்தான். பவுடர் வீட்டு அலமாரியில் வெளிப்படையாக இருக்கிற வரைக்கும் என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அது ஒளிவுக்குப் போன பிறகு எது நடந்தாலும் தெரியாது. எனவே டப்பாவை வீட்டுக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். அடுத்த தடவை கடைக்கு நீங்களும் கூடப் போங்கள். சாப்பிடுவது பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். ஒளிக்க வேண்டிய அவசியம் மட்டும் அவனுக்கு வரக் கூடாது.

ஊசி போடுகிறான் என்று சந்தேகம். எப்படித் தெரிந்துகொள்வது?

சில வாரங்களில் திடீரென உடம்பு ஏறும். முதுகிலும் தோளிலும் கொத்துக் கொத்தாகப் பரு. மார்புக் காம்பின் அடியில் வலியோடு கட்டி. ரத்த அழுத்தம் கூடும். முன்பு பார்க்காத முரட்டுக் கோபம், சந்தேகம், தூக்கமின்மை. அப்புறம் ‘சைக்கிள்’ (தொடர்ந்து ஊசி போடுகிற ஒரு சுற்று) முடிந்து ஊசியை நிறுத்தியதும் நேர்மாறாக ஒரே சோர்வு, எதிலும் பிடிப்பில்லாமை, அழுகை. இந்த இரண்டாவது கட்டம்தான் எனக்குப் பெரிய பயம். நிறுத்திய பிறகு வரும் மனச்சோர்வில் சிலருக்குத் தற்கொலை எண்ணம்கூட வரும். "ஊசியை நிறுத்திட்டான், இனி நிம்மதி" என்று வீடு கண்ணை மூடுகிற நேரம் அதுதான். அவரைத் தனியாக விடாதீர்கள். நிறுத்துவதை டாக்டர் மேற்பார்வையில் செய்யுங்கள்.

ஸ்டீராய்டுகள் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். ஜிம்மில் ஒரே ஊசியை இரண்டு பேர் பகிர்ந்தால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி எல்லாம் பரவும்.

கல்யாணமாகி இரண்டு வருடம், குழந்தை இல்லை. அவர் முன்பு ஊசி போட்டவர். டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

கட்டாயம், முதல் நாளே. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏறினால், மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திக்கொள்ளும். விரை சுருங்கும், விந்தணு உற்பத்தி குறையும், சிலருக்கு முழுவதுமாக நின்றுவிடும். வெளியே மலை மாதிரி உடம்பு, பரிசோதனையில் விந்தணு பூஜ்யம் என்று வருவது இதனால்தான். ஊசியை நிறுத்திய பிறகு பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வருகிறது; ஆனால் பல மாதம் ஆகும், சிலருக்கு ஒரு வருடத்துக்கும் மேல் ஆகும், சிலருக்குப் பழைய அளவுக்கு வராமலே போகும். நண்பர்கள் சொல்லும் மாத்திரைகளைத் தானாக விழுங்காமல் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரையோ பார்க்க வேண்டும்.

நம் ஊரில் குழந்தை இல்லை என்றால் முதல் விரல் பெண்ணை நோக்கித்தான் நீளும். கோயில் கோயிலாக, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அவர் அலைந்துகொண்டிருக்க, ஊசி போட்ட விஷயத்தைக் கணவர் வாய் திறக்காமல் இருப்பது பெரிய அநியாயம். அண்ணே, அந்தப் பெண் மாமியார் வீட்டில் கேட்கிற பேச்சு ஒவ்வொன்றுக்கும் உங்கள் மௌனம் காரணமாகிறது. இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

காவலர் தேர்வு இரண்டு மாதத்தில். மார்பளவு பத்தவில்லை. பவுடர் உதவுமா?

ஆண்களுக்கு மார்பு 81 செ.மீ., மூச்சிழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும், 1,500 மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். மூச்சுப் பயிற்சி, தண்டால், ஓட்டம், வயிறார நல்ல சாப்பாடு: இவைதான் கைகொடுக்கும். பவுடர் இரண்டு மாதத்தில் அற்புதம் எதுவும் செய்யாது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு அது தேவையே இல்லை.

வீட்டாருக்கு: இந்தப் பிள்ளைகள் குடும்பத்தின் மொத்த நம்பிக்கையையும் சுமந்துகொண்டு ஓடுகிறார்கள். "இந்தத் தடவையாவது" என்று தினமும் சொல்வது அவர்களை வேகமாக ஓட வைக்காது. யாரோ நீட்டுகிற ஊசிக்குக் கையை நீட்ட வைக்கும்.

தெரியாமல் சாப்பிட்டேன் என்றால் ஊக்கமருந்து சோதனையில் விடுவார்களா?

விடமாட்டார்கள். உடம்பில் இருப்பதற்கு வீரரே பொறுப்பு என்பதுதான் விதி. ஸ்டீராய்டு வகையில் சிக்கினால் தடை நான்கு வருடம். வேண்டுமென்றே சாப்பிடவில்லை என்று வீரர்தான் நிரூபித்துக் குறைக்க வேண்டும். 2023 இல் 5,000-க்கு மேல் மாதிரிகளைச் சோதித்த நாடுகளில், சிக்கியவர் விகிதம் இந்தியாவில்தான் மிக அதிகம்: 3.8 சதவீதம். மாநில, தேசிய அளவில் ஆடுகிறவர்கள் கலப்படச் சோதனை முத்திரை உள்ள பொருளை மட்டும் வாங்கி, பில்லையும் பேட்ச் எண்ணையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். அதுவும் முழு உத்தரவாதம் இல்லை. என்னைக் கேட்டால், அந்த அளவில் ஆடுகிறவருக்கு முட்டையைவிடப் பாதுகாப்பான சப்ளிமென்ட் கிடையாது.

வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் 14 இலக்க உரிம எண், உடையாத சீல், காலாவதி தேதி, பில். கவரில் அள்ளிக் கொடுப்பதை வாங்காதீர்கள். பாதி விலை என்றால் போலி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

காயம் பட்டு மாதக்கணக்கில் வீட்டில் இருக்கிறார். யாரோடும் பேசுவதில்லை.

கபடியில் முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை செய்தால், மறுபடி களத்தில் இறங்க ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை அவர் யார்? ஊரில் "ரைடர்" என்று கூப்பிட்டவர்கள் இப்போது கூப்பிடுவதில்லை. காயம் ஆறுவதற்குப் புரதம் வேண்டும், ஓட்டமில்லை என்று சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. அதைவிட முக்கியம், டீம் ஆட்கள் வீட்டுக்கு வந்து போவது. ஸ்கோர் எழுதவோ சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கவோ மைதானத்துக்கு அழைத்துப் போங்கள். 2014 இங்கிலாந்து தொடரில் ரன் வராதபோது மனச்சோர்வில் இருந்ததை விராட் கோலியே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அவ்வளவு பெரிய வீரர் சொல்ல முடிகிறதை, நம் வீட்டுப் பையன் சொல்வதில் வெட்கம் எதற்கு?

யாரிடம் போவது?

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கம் என்றால் மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416. எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. தமிழக அரசின் 104 உதவி எண்ணும் உண்டு. தற்கொலைப் பேச்சு வந்தால் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.

டாக்டரிடம் போகும்போது வீட்டில் உள்ள எல்லா டப்பாவையும், மாத்திரை அட்டையையும், ஊசி மருந்துக் குப்பி இருந்தால் அதையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். எப்போது தொடங்கினார், எவ்வளவு நாள், எத்தனை தடவை என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே போனதும் வீரரை முதலில் தனியாகப் பேச விடுங்கள். அம்மா அப்பா முன்னால் வராத உண்மை அப்போதுதான் வெளியே வரும்.